மட்கலமும் உடற்கலமும்

உடம்பைக் கலத்தோடு ஒப்பிட்டுப் பேசுதல் சான்றோர் வழக்கு. கலம் வலிதாக இருந்தாலன்றி அதன்கண் பெய்த பொருள் நில்லாது. அவ்வாறே உடல் நலமுற்றிருந்தாலன்றிக் கல்வியும் தொழிலும் அறமும் அதன்கண் நிலைபெறா. கலத்தைச் செய்வோன் மண்ணின் அளவும் நீரின் அளவும் தீயின் அளவும் அறிந்திருத்தல் வேண்டும். உடலைப் பேணுவோனும் தான் உண்ணும் உணவின் அளவும் தன்மையும் அறிந்திருத்தல் வேண்டும்.

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த பழம்பதி விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. பழமலைநாதர் திருக்கோயிலால் புகழ்பெற்ற அவ்வூர், இக்காலத்தில் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்று விளங்குகின்றது. ஆங்குச் செராமிக் தொழிற்பேட்டை ஒன்று உளது. அத்தொழிலைக் கற்பிக்கும் கல்லூரியும் உளது. அகல்விளக்குகள், பொம்மைகள், மின்னோட்டத்தைத் தடுக்கும் பீங்கான் பொருள்கள் முதலியன அவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளிவருகின்றன.

சூளையில் அடுக்கிய பச்சைக் கலத்திற்குத் தீ இன்றியமையாதது. தீயின்றேல் அது வெறும் மண்ணே. ஆயினும் அத்தீ படிப்படியாக ஏறுதல் வேண்டும். மண்ணில் தங்கிய ஈரம் மெல்ல மெல்ல நீங்கிய பின்னரே வெப்பத்தை மிகுவிப்பர். பொறுமையின்றி ஒரேயடியாகத் தீயைக் கூட்டினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கலத்தைப் பிளந்துவிடும். நம் உடலுக்குச் சர்க்கரையும் அத்தகையதே. அஃது இன்றேல் உடல் இயங்காது. அளவு கடந்தாலோ உடல் நில்லாது.

நாம் உண்ணும் சோறு, இட்டிலி, களி முதலியவற்றில் மாப்பொருள் மிகுதியாக உண்டு. அது குடலில் செரித்து, குளுக்கோசு என்னும் சர்க்கரையாகிக் குருதியில் கலக்கின்றது. நலமுடைய ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உண்டு. அக்குருதி முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராமே. அதாவது ஒரு தேக்கரண்டி அளவே. ஆயின் 100 கிராம் அரிசியைச் சமைத்து உண்டால், ஏறத்தாழ 78 கிராம் மாப்பொருள் உட்செல்கின்றது. ஒரு தேக்கரண்டி கொள்ளும் இடத்திற்குள் பதினைந்து தேக்கரண்டி வந்து புகுதலை ஒக்கும் இது. இவ்வெள்ளத்தை ஒழுங்குபடுத்தும் மதகே இன்சுலின் என்னும் சுரப்பு. இரைப்பையின் பின்புறத்தே அமைந்த கணையம் அதனைச் சுரக்கின்றது. குருதியில் சர்க்கரை ஏறியவுடன் இன்சுலின் வெளிப்பட்டு, அச்சர்க்கரையைத் தசைகளும் ஈரலும் ஏற்றுக்கொள்ளுமாறு செய்கின்றது.

இன்சுலின் போதாமற் போயினும், இருந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காமற் போயினும், சர்க்கரை குருதியிலேயே தேங்கும். இதுவே நீரிழிவு நோய். சிறுநீரை எறும்பு மொய்க்கும் இந்நோயை நம் நாட்டுப் பண்டை மருத்துவர் மதுமேகம் என்றனர். இரவு முழுதும் உண்ணாதிருந்து காலையில் ஆய்ந்தால், 100 மில்லி லிட்டர் குருதியில் சர்க்கரை 126 மில்லி கிராமோ அதற்கு மேலோ இருப்பின் அது நீரிழிவின் அடையாளம் என்பர் மருத்துவர்.

மற்றோர் ஆய்வும் உண்டு. கலத்தின்மீது பூசிய மெருகுப்பூச்சு சூளையில் உருகிப் பற்றிக்கொண்டபின், கழுவினும் தேய்த்தாலும் நீங்காது. அதுபோலக் குருதியில் மிகுந்த சர்க்கரையும் சிவப்பணுக்களில் உள்ள ஈமோகுளோபின் என்னும் பொருளில் பற்றிக்கொண்டு நீங்காது நிற்கின்றது. ஒரு சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே, எத்துணை விழுக்காடு ஈமோகுளோபின் இங்ஙனம் சர்க்கரையைச் சுமந்து நிற்கின்றது என அளந்தால், கடந்த இரண்டு மூன்று திங்கள்களில் ஒருவர் உடலில் சர்க்கரை எந்நிலையில் இருந்தது என்பது புலனாகும். அது 6.5 விழுக்காட்டை எட்டினால் நீரிழிவு எனக் கொள்வர். ஆய்வுக்கு முன் இரண்டு நாள் மட்டும் உணவைக் குறைத்து மருத்துவரை ஏமாற்ற நினைப்பாரை இவ்வாய்வு காட்டிக்கொடுத்துவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு, சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நாடு முழுவதும் நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளியாயின. அவற்றின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவு உடையராவர்; மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாயிலில் நிற்கின்றனர். நோய் இவ்வாறு பரவவே, அதனைத் தீர்ப்பதாகக் கூறும் பொருள்களும் பரவின. கடைவீதிகளில் வண்ணப்படம் ஒட்டிய டப்பாக்களில் புரதத்தூள் விற்கப்படுகின்றது. அமினோ அமில மாத்திரைகளும் விற்கப்படுகின்றன. ‘சர்க்கரை நோயாளர்க்கு உகந்தது’ என்னும் வாசகம் சிலவற்றின்மேல் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு டப்பாவின் விலை, கூலித் தொழிலாளி ஒருவரின் ஒருநாள் ஊதியத்தை விழுங்கவல்லது. அங்ஙனம் பொருள் கொடுத்து வாங்குவோர், அதனால் பெறுவது யாது, பெறாதது யாது என அறிதல் வேண்டாவோ?

முதலில் புரதம் யாது எனக் காண்போம். தமிழ்மொழியின் சொற்கள் அனைத்தும் உயிர் 12, மெய் 18 ஆகிய 30 முதலெழுத்துகளின் அடியாகப் பிறக்கின்றன. அதுபோல நம் உடலிலுள்ள ஆயிரக்கணக்கான புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆகின்றன. அமினோ அமிலத்தை எழுத்தென்று கொண்டால், புரதத்தைச் சொல்லென்று கொள்ளலாம். எழுத்துகளின் வரிசை மாறினால் சொல் மாறுவதுபோல, அமினோ அமிலங்களின் வரிசை மாறினால் புரதமும் மாறும். இவ்விருபதனுள் 9 அமினோ அமிலங்களை வளர்ந்தோர் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. அவை உணவின் வழியே வருதல் வேண்டும்.

இன்சுலினும் ஒரு புரதமே. 1921-ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் அதனைக் கணையத்திலிருந்து பிரித்தெடுக்கும் வழி கண்டனர். அடுத்த ஆண்டே சாகும் நிலையிலிருந்த சிறுவன் ஒருவனுக்கு அஃது ஊசிவழி செலுத்தப்பட்டது, அவன் பிழைத்தான். பின்னர்க் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து அறிஞர் சாங்கர், இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன என்றும், அவை 21-உம் 30-உமாக இரு சங்கிலிகளில் அமைந்துள்ளன என்றும், அவற்றின் வரிசை இன்னதென்றும் பல்லாண்டு உழைத்துக் கண்டறிந்தார். 1955-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற அவ்வாராய்ச்சிக்காக 1958-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

‘இன்சுலின் புரதமாயின், அதனை மாத்திரையாக விழுங்கலாகாதோ? புரதத்தூளை மிகுதியாக உண்டால் உடலில் இன்சுலின் பெருகாதோ?’ என வினவுவார் உளர். வயிறு எப்புரதத்தையும் முழுமையாக விட்டுவைப்பதில்லை. அது சொல்லைச் சிதைத்துத் தனித்தனி எழுத்துகளாகவும், இரண்டு மூன்று எழுத்துகள் இணைந்த சிறு துணுக்குகளாகவும் ஆக்கிவிடுகின்றது. விழுங்கிய இன்சுலினும் பயறும் பாலும் அங்கே ஒரே கதியை அடைகின்றன. அதனாலேயே இன்சுலினை ஊசியின் வாயிலாகச் செலுத்துகின்றனர். எழுத்துகளைக் குவித்து வைப்பதனால் நூல் உண்டாகாது, எழுதுவோன் வேண்டும். அதுபோல அமினோ அமிலங்களைக் குவிப்பதனால் மட்டும் இன்சுலின் உண்டாகாது. அதனை ஆக்கும் கணையம் நலமுற்றிருத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் புரதத்தால் நீரிழிவுடையார்க்குப் பயனில்லையோ எனின், பயன் உண்டு. புரதம் வயிற்றில் இருக்கும்பொழுது உணவு மெதுவாகவே குடலுக்குள் இறங்குகின்றது. அதனால் சர்க்கரை ஒரேயடியாக ஏறாமல், சூளைத்தீப்போலப் படிப்படியாக ஏறுகின்றது. லியூசின் முதலிய சில அமினோ அமிலங்கள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சற்று மிகுதியாகச் சுரக்கச் செய்கின்றன. புரதம் பசியையும் நெடுநேரம் அடக்குகின்றது. அதனால் சோற்றின் அளவு தானே குறைகின்றது. உண்ட சர்க்கரையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும் களஞ்சியம் தசை. அத்தசை தேயாது நிற்பதற்கும், உடலுழைப்போடு கூடிய புரத உணவு துணைசெய்கின்றது.

இவை ஆய்வால் காணப்பட்டவையே. 2014-ஆம் ஆண்டு வெளியான இசுரேல் நாட்டு ஆய்வொன்றில், நீரிழிவுடைய 15 பேருக்குக் காலையுணவிற்கு முன் 50 கிராம் பால்தெளிவுப் புரதம் நீரிற் கலந்து கொடுக்கப்பட்டது. வெறும் நீர் பருகிய நாளைக் காட்டிலும், அதனைப் பருகிய நாளில் உணவுக்குப்பின் சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. 2015-இல் அமெரிக்க நாட்டில் 11 பேரிடம் செய்த ஆய்வில், தூள் எதுவும் இன்றி, உணவின் வரிசை மட்டும் மாற்றப்பட்டது. காய்கறியையும் இறைச்சியையும் முன்னர் உண்டு, மாப்பொருளைப் பின்னர் உண்டபோதும் சர்க்கரை குறைவாகவே ஏறியது. இவ்விரண்டும் சிறு ஆய்வுகள். ஒருவேளை உணவின் விளைவையே காட்டுவன. ஆயினும் தூளால் பெறும் நன்மையின் ஒரு பகுதியை, இலையில் உள்ள உணவை உண்ணும் முறையாலும் பெறலாம் என்பதை இரண்டாம் ஆய்வு உணர்த்துகின்றது.

மேலே குறித்த இந்தியப் பேராய்வினர் 2025-ஆம் ஆண்டு நம் மக்களின் உணவைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நாம் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாப்பொருளிலிருந்து வருகின்றது. புரதத்திலிருந்து வருவது 12 விழுக்காடே. அதனுள்ளும் பால், முட்டை, மீன் முதலியவற்றால் வருவது சிறு பங்கே. மாப்பொருளில் ஆற்றல் கணக்கில் 5 விழுக்காட்டைக் குறைத்து, அவ்விடத்தில் பயறு, பால் முதலியவற்றின் புரதத்தைக் கொள்வோரிடம் நீரிழிவு நேரும் வாய்ப்புக் குறைந்து காணப்படுகின்றது. அரிசியை விடுத்துக் கேழ்வரகையும் கோதுமையையும் அதே அளவில் உண்பதால் மட்டும் அப்பயன் காணப்படவில்லை என்பதும் அவர்தம் முடிவு. ஆதலின் மாப்பொருளைக் குறைத்து அதன் இடத்தில் புரதத்தைக் கொள்ளல் வேண்டும். வழக்கமான சோற்றையும் உண்டு, அதன்மேல் ஒரு குவளைப் புரதத்தூளையும் பருகுவோர் சுமையைக் கூட்டுகின்றனரேயன்றிக் குறைக்கின்றாரல்லர்.

புரதத்திற்கும் எல்லை உண்டு. 2011-ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். லியூசின், ஐசோலியூசின், வேலின் என்னும் மூன்று கிளைத்தொடர் அமினோ அமிலங்களும், வேறு இரண்டும் குருதியில் மிகுந்திருந்தவர்களுக்கு, பன்னிரண்டு ஆண்டு வரை முன்னதாகவே நீரிழிவின் வருகையை அறிவிக்க இயன்றது. அவை மிகுதலே நோய்க்குக் காரணம் என்பது இதனாற் பெறப்படாது. ஆயினும், உணவின்போது இன்சுலினைத் தூண்டி உதவும் லியூசினே, குருதியில் நெடுங்காலம் மிகுந்து நிற்றல் நலத்தின் குறியன்று என்பது தெளிவு. ஆகவே தனி அமினோ அமிலங்களை மருந்துபோல நாள்தோறும் விழுங்குதல் அறிவுடைமை ஆகாது.

சிறுநீரகம் பற்றிய எச்சரிக்கை இதனினும் பெரிது. உடல் பயன்படுத்திய புரதத்தின் கழிவை வெளியேற்றுவது சிறுநீரகமே. நீரிழிவு நெடுநாள் நீடித்தால் முதலில் பழுதுபடும் உறுப்புகளுள் அதுவும் ஒன்று. பழுதுற்றும் பல்லாண்டு நோவின்றி இருக்கும். அத்தகையோர் புரதத்தை மிகுத்து உண்டால், தளர்ந்த சிறுநீரகத்தின்மேல் பின்னும் பாரம் ஏறும். எனவே, சிறுநீரகம் நன்னிலையில் உளதா என ஆய்ந்தறியாது நீரிழிவுடையார் புரதத்தூளைத் தொடங்குதல் கூடாது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளிலும், புரதத்தூள்களை வழக்கமாக உண்ண வேண்டா எனக் கூறப்பட்டுள்ளது. சிலவற்றில் சர்க்கரையும் செயற்கைச் சுவையூட்டிகளும் சேர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்பது அவர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று.

இனி, ஒருவருக்கு வேண்டிய புரதம் எவ்வளவு, அதனைத் தூளின்றிப் பெற இயலுமா என ஆராய்வோம். உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் நலமுடையார்க்குப் போதும் என 2020-இல் நம் நாட்டு வல்லுநர் வகுத்துள்ளனர். 60 கிலோ எடையுள்ளவர்க்கு இஃது ஏறத்தாழ 50 கிராம் ஆகும். 200 கிராம் அரிசியில் 15 கிராம் புரதம் உண்டு; 60 கிராம் பருப்பிலும் பயற்றிலும் 13 கிராம்; 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராம்; 300 மில்லி லிட்டர் பாலிலும் தயிரிலும் 9 கிராம்; ஒரு முட்டையில் 6 கிராம். கூட்டினால் 50 வருகின்றது. முட்டை உண்ணாதார் 30 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கி உண்டால் அவ்வளவே பெறுவர்.

விருத்தாசலத்தார்க்கு இதனைப் பெறுதல் அரிதன்று. அவ்வூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உளது. அங்கே நிலக்கடலை, முந்திரி முதலியவற்றில் புதிய இரகங்கள் உருவாக்கப்பட்டுள்ளன, ‘வி.ஆர்.ஐ.’ என்று தொடங்கும் அவ்விரகங்களின் பெயரில் ஊரின் பெயரே அடங்கியுள்ளது. நிலக்கடலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்கு புரதம். பச்சைப்பயறு, உளுந்து, துவரை, கொள்ளு ஆகியவற்றிலும் 20 முதல் 25 பங்கு உண்டு. கடலையில் எண்ணெய்ச்சத்தும் மிகுதியாதலின் ஒரு கைப்பிடி அளவே சாலும்.

நம் முன்னோர் உணவில் மற்றொரு நுட்பமும் காணப்படுகின்றது. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது போதிய அளவு உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணுங்கால் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கின்றது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்டிலியும், அரிசியும் பயறும் சேர்ந்த பொங்கலும் அமினோ அமிலம் என்னும் பெயர் தோன்றுமுன்பே தோன்றியவை. ஆயினும் இக்காலத்து இட்டிலியில் அரிசியே மிகுதி. சாம்பாரிலும் பருப்புக் குறைந்து நீர் பெருகிவிட்டது. நீரிழிவுடையார் இலையில் சோறு குறைந்து, கூட்டும் பயறும் கீரையும் பெருகுதல் வேண்டும்.

எனினும் மாத்திரை உண்போரும் இன்சுலின் ஊசி கொள்வோரும் சோற்றைத் திடீரெனக் குறைத்தல் ஆகாது. மருந்தின் அளவு மாறாதிருக்க உணவு மட்டும் குறைந்தால், சர்க்கரை அளவிற்கும் கீழே தாழ்ந்து மயக்கம் நேரக்கூடும். மருத்துவரைக் கேட்டே இம்மாற்றத்தைச் செய்தல் வேண்டும். முதுமையாலோ பிணியாலோ உணவு உண்ண இயலாது தசை மெலிந்தோர்க்கு மருத்துவரே புரதத்தூளைப் பரிந்துரைத்தலும் உண்டு. அந்நிலையில் அது நல்ல துணை. ஆயின் தூளை நம்பி மாத்திரையை நிறுத்துவோர், தோணி இருக்கத் துரும்பைப் பற்றி ஆற்றில் இறங்குவோரை ஒப்பர்.

அவர்கள் இழப்பது சிறிதன்று. கட்டுப்படாத சர்க்கரை கண்ணின் நுண்குழாய்களைச் சிதைக்கின்றது. நரம்புகளின் உணர்ச்சியை அழிக்கின்றது. சூளையருகே நின்று தொழில் செய்வாரை எண்ணுக. கால் உணர்விழந்தால் சுடுதரையின் வெம்மை தெரியாது. உடைந்த பீங்கான் சில்லு குத்தினும் நோவு தெரியாது. நோவறியாத புண் ஆறாமல் பெருகி, ஒருநாள் காலையே இழக்கும் நிலை வரும். விரல்நுனியால் களிமண்ணின் பதம் அறிந்து, கண்ணால் மெருகின் குறை காணும் கைவினைஞன், கண்ணும் உணர்ச்சியும் இழப்பின் அவன் கற்ற தொழிலும் உடன் அழியும், குடும்பமும் தளரும். அவன் தன் ஊதியத்தை முதலில் எதற்குச் செலவிடல் வேண்டும் என்பது இங்குத்தான் முடிவு செய்யப்படுகின்றது.

இந்நோயை எதிர்த்து நிற்பதில் தமிழகம் முன்னோடியாகவே இருந்து வந்துள்ளது. 1948-ஆம் ஆண்டு மருத்துவர் எம். விசுவநாதன், சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 2006-இல் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். உணவு நெறியும் நடையும் மேற்கொண்டோரிடம், நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கிற்கு மேல் குறைந்தது. 2021-ஆம் ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், நீரிழிவுக்கும் குருதியழுத்தத்திற்கும் உரிய மருந்தை மக்களின் இல்லங்களுக்கே கொண்டு சேர்க்க எழுந்தது. அரசு மருத்துவமனைகளில் ஆய்வும் மாத்திரையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கிடைப்பதைக் கொள்ளாது விட்டு, விலைகொடுத்து ஐயத்தை வாங்குதல் பேதைமையாகும்.

மருந்து என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், உணவின் அளவையும் பசியின் அளவையுமே பெரிதும் பேசினார். இன்றைய அறிவியலும் பல ஆய்வுகளுக்குப் பின் அவ்விடத்திற்கே வந்து நிற்கின்றது. புரதம் நன்று, மாப்பொருளுக்கு ஈடாகவும், அளவோடும், இயன்றவரை உணவாகவும் கொள்ளும்போதே நன்று. உடைந்த மட்கலத்திற்கு மாற்றாக வேறொன்றைச் சூளையிலிருந்து எடுக்கலாம். உடற்கலத்திற்கு மாற்றில்லை. ஆதலின் இளைஞர் இப்பொழுதே அளவறிந்து உண்டும், உடல் உழைத்தும், தம் வீட்டு முதியோரை உரிய காலத்தில் ஆய்வுக்கு அழைத்துச் சென்றும் அக்கலத்தை ஓம்புவாராக.